அப்பா வாங்கிய விடைகள்

எனக்கு வேண்டியிருந்தது அறுநூற்றைந்து. நுழைவுத் தேர்வில் அதற்குக் கீழே எடுத்தவர்களுக்குப் படிப்புச் செலவுக்கான உபகாரச் சம்பளம் கிடையாது என்று தலைநகரில் இருக்கும் அந்த வணிகப் பள்ளி தன் இணையப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது. உபகாரச் சம்பளம் இல்லாவிட்டால் எனக்கு அந்தப் பள்ளியும் கிடையாது. விண்ணப்பம் ஜூன் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். நானே கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்த முதல் மாதிரித் தேர்வில் ஐந்நூற்றைந்து வந்தது. நூறு புள்ளி எவ்வளவு தூரம் என்று தெரியாததால் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்போது எனக்கு சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வீடு பாடாங் செராயில், ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில். என் அறையில் மேசை போட இடமில்லை, அதனால் கூடத்தில்தான் படிப்பு. தொலைக்காட்சி என் முதுகிலிருந்து நாலடி தள்ளி இருந்தது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்கு முப்பது வருடமாக ஏற்றிக்கொண்டிருக்கிறார். எஞ்சின் சத்தம் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதிக்குக் கேட்கும்படி தொலைக்காட்சியை வைத்தால், மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள் தங்கள் தொலைக்காட்சியைப் போடவே வேண்டாம்.

என் படிப்பைப் பற்றி அப்பா பேசியதில்லை. அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவர். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, எந்தச் சாலையில் போக வேண்டும், வழியில் எத்தனை டோல் என்று கேட்டார். பட்டமளிப்பு விழாவுக்கு வந்தவர், அங்கே பேருந்து நிறுத்தியிருந்த முறை சரியில்லை என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதனால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. என்ன கணக்கு என்று கேட்டார். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எப்போது சந்திக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

"எந்த ஸ்டேசன்ல நிக்கும்?"

"நிக்காதுப்பா. கணக்குல வர்ற ரயிலு."

"நிக்காத ரயில்ல எவன்டா ஏறுவான்?" என்றார். பிறகு விடை எவ்வளவு என்று கேட்டார். எழுபத்திரண்டு என்றேன். அதற்கு முந்தின கணக்குக்கு எவ்வளவு என்றார். நாற்பத்தெட்டு. இரண்டையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீடு மாறிவிட்டது. மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சி அணைந்தது. மின்விசிறி என் பக்கம் திரும்பியது. அப்பா தன் கையாலேயே பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொண்டுவந்து, விடைத்தாளில் படாமல் தள்ளி வைத்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் அம்மா பாத்திரம் கழுவும்போது சத்தம் வந்தால், "பையன் கணக்குப் போடுறான்லா, மெதுவா," என்று அப்பா குரல் கொடுத்தார். ஒன்பது மணிக்கு வந்து, இன்றைக்கு என்னென்ன வந்தது என்று விசாரித்தார். நான் ஒவ்வொரு விடையாகச் சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

நான் நெகிழ்ந்துபோனேன். விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை, உங்களை உருவாக்கியவர் யார் என்று கேட்டிருந்தது. அதுவரை தொழிற்சாலை மேலாளரைப் பற்றி எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுதினேன். ஒவ்வொரு மாலையும் மகனின் விடைகளைக் கேட்டு உறங்கப் போகும் ஒரு லோரி ஓட்டுநர். ஆங்கிலத்தில் படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. அடுத்த மாதிரித் தேர்வில் ஐந்நூற்று நாற்பத்தைந்து வந்தது.

சில வகைக் கணக்குகள் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தேர்வில் ஒரு விசித்திரமான பகுதி உண்டு: விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம், கொடுத்த விவரம் போதுமா, போதாதா என்று மட்டும் சொன்னால் போதும். இருபது கேள்வி முடித்துவிட்டு, இன்றைக்கு விடை ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. பின்னங்களும் ஆகாது. "அரை, முக்கால்லாம் எதுக்குடா? முழுசா ஏதாச்சும் போடு," என்பார். கல்வியில் அவருக்கு ஒரு ரசனை உருவாகிவருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்தது மோட்டார் பட்டறையில். எங்கள் வரிசையின் முனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் என் மோட்டார் சைக்கிளை எண்ணெய் மாற்ற விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது, கையைத் துடைத்துக்கொண்டே என்னைச் சுவர் ஓரம் அழைத்துப் போனார்.

"தம்பி, புதன்கிழமைக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"என்ன அண்ணே?"

"அதான் தம்பி. அன்னிக்கு ஏழு ரெண்டு நாலு எட்டு குடுத்தியே. ஆறுதல் பரிசு அடிச்சிச்சிலா. உங்கப்பா சொல்லித்தான் நானும் வாங்குனேன்."

எங்கள் ஊரில் நாலு நம்பர் லாட்டரி வாங்குவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். மோதின காரின் எண், கனவில் வந்த வீட்டு எண், எது கிடைத்தாலும் கடைக்குப் போய்விடுவார்கள். ஆனால் பட்டப்படிப்பு படித்தவன் உட்கார்ந்து, கடிகாரம் வைத்து, தாள் தாளாகக் கணக்குப் போட்டு எடுக்கும் நம்பர் அதுவரை அங்கே யாருக்கும் கிடைத்ததில்லை. அது பரீட்சைக் கணக்கு, நம்பர் எடுக்கிறது இல்லை என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"வெளிய சொல்லக்கூடாதுன்னா பரவால்ல தம்பி. நமக்குப் புரியும்," என்றார். எண்ணெய் மாற்றிய கூலியும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நான் குப்பையில் போட்ட தாள்களெல்லாம் சாமிப் படத்துக்குக் கீழே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேல் தாளில் விபூதி இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு முதல் நாளே தெரியும். "இப்பப் போய் அவர்கிட்ட எதையும் சொல்லி வைக்காத," என்றார். "பரீட்ச எப்போ?"

"இன்னும் மூணு வாரம்மா."

"அப்ப மூணு வாரம் கழிச்சி சொல்லு. இருபத்தெட்டு வருசத்துல இந்த வீட்டுல இப்பத்தான் நான் நிம்மதியா ஒரு தே தண்ணி குடிக்கிறேன்."

விண்ணப்பத்தில் இன்னொரு கட்டுரையும் இருந்தது: நீங்கள் சந்தித்த ஓர் அறச்சிக்கலை விவரியுங்கள். அதுவரை எனக்கு அப்படி ஒன்று நேரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கூடத்தில், மின்விசிறிக் காற்றில், கையில் தே ஓவோடு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் தொலைக்காட்சி திரும்ப வந்துவிடும். சொல்லாவிட்டால் அப்பா என் விடைகளை வாங்கிக்கொண்டே இருப்பார். புள்ளியோ ஐந்நூற்று எழுபத்தைந்துக்கு வந்திருந்தது. நான் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு அவர் கேட்கும்போது விடைகளைச் சரியாகச் சொன்னேன். பொய்யாவது சொல்லாமல் இருந்தேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மூன்றின் வர்க்கமூலம் வந்த அன்றுதான் அந்தத் தேற்றல் உடைந்தது. விடை என்னவென்று கேட்டார். அது முழு எண் இல்லை, ஒன்று புள்ளி ஏழு மூன்று இரண்டு என்றேன்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஒண்ணு ஏழு மூணு ரெண்டு. நாலும் தானாவே வந்துச்சா?"

"தொடர்ந்து போகும்ப்பா. முடிவே இல்ல."

"நாலு போதும்," என்றார். அந்தச் சனிக்கிழமை அவர் வழக்கத்தைவிடப் பெரிதாக வாங்கினார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்றும் அடிக்கவில்லை. அப்பா என்னைக் குறை சொல்லவே இல்லை. ஐந்தின் வர்க்கமூலம் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டார்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். இதெல்லாம் யாரோ ஒருவர் எழுதி வைத்த கேள்விகள், விடைகளும் பின் பக்கத்திலேயே இருக்கின்றன, குலுக்கலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று திருப்பிக் காட்டினேன். அவர் கடைசிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எழுபத்திரண்டு அங்கே இருந்தது. நாற்பத்தெட்டும் இருந்தது.

"வெட எல்லாம் பின்னாலயே இருக்கு," என்றார்.

"ஆமாப்பா."

"அப்புறம் எதுக்குடா ரெண்டு மாசமா உக்காந்து கணக்குப் போடுற?"

பள்ளியைப் பற்றி, உபகாரச் சம்பளத்தைப் பற்றி, அறுநூற்றைந்தைப் பற்றி முதல்முறையாக அவரிடம் முழுதாகச் சொன்னேன். இவ்வளவு நாள் அதைச் சொல்லாமலேதான் அவர் புரிந்துகொண்டதாகக் கட்டுரையில் எழுதியிருந்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு, சரி என்றார். அன்று மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சி முழுச் சத்தத்தோடு திரும்பி வந்தது. அடுத்த மாதிரித் தேர்வில் ஐந்நூற்று நாற்பத்தைந்து.

அதைப் பார்த்தோ, என் முகத்தைப் பார்த்தோ, சனிக்கிழமை காலை அப்பா லோரிச் சாவியோடு வந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏறச் சொன்னார். ஆலை வாசலில் லோரிகள் வரிசையில் நிற்க மூன்று மணி நேரம் ஆகும். கண்ணாடியை ஏற்றி, குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டால், எங்கள் வீட்டில் எங்குமில்லாத அமைதி அந்த லோரிக்குள் இருந்தது. அப்பா கீழே இறங்கி, கதவில் சாய்ந்துகொண்டு காவல் நின்றார். மற்ற ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "நம்பர் இல்லலா. பையனுக்குப் பரீட்ச," என்று அப்பா விரட்டினார். ஒருவரும் நம்பவில்லை. சொந்தக்காரனுக்கு மட்டும் கொடுத்துக்கொள்கிறான் என்று இரண்டு பேர் அவரிடம் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அவர் கவலைப்படவில்லை. வரிசை நகரும்போது மட்டும் ஏறி, பத்தடி ஓட்டி, மறுபடி இறங்கி நின்றார். அதற்கப்புறம் ஒருநாளும் விடை எவ்வளவு என்று கேட்கவில்லை.

பரீட்சை பினாங்கில். அவரே காரில் கொண்டுபோய் விட்டார். கடைசிக் கேள்வியை முடித்ததும் திரையிலேயே புள்ளி வந்தது: ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.

கார் நிறுத்துமிடத்துக்கு நடந்து வந்தேன். அப்பா ஜன்னலை இறக்கினார். சொன்னேன். பத்து குறைந்துவிட்டது, எல்லாம் போச்சு என்றேன்.

அவர் முகத்தில் துக்கமே இல்லை. முப்பது வருடமாகப் பரிசை ஒரே ஒரு எண்ணில் தவறவிட்டவர் அவர். கைக்கெட்டாமல் போனதை அவரைப் போல அறிந்தவர் எங்கள் தாமானில் இல்லை.

"பத்துதானே? இவ்ளோ கிட்ட வந்துட்டு எவனாச்சும் விடுவானா?" என்றார். "மறுபடி எப்ப எழுத விடுவாங்க?"

மூன்று வாரத்தில் எழுதலாம், விண்ணப்ப நாளுக்கு நாலு நாள் முன்னால் என்றேன். அவர் நினைக்கும் விதம் முழுக்கத் தவறு, ஒரு தடவை கிட்ட வந்ததால் அடுத்த தடவை வரும் என்று எந்த விதியும் இல்லை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். நிகழ்தகவு அத்தியாயத்தை மூன்று முறை படித்தவன் நான். ஆனால் ஏறி உட்கார்ந்து, அந்த நிறுத்துமிடத்திலேயே கைப்பேசியில் அடுத்த தேதிக்குப் பதிந்தேன்.

இரண்டாவது முறை நான் தனியாகப் போனேன். அப்பாவுக்கு அன்று லோடு இருந்தது. வெளியே வந்ததும் கூப்பிட்டேன். அவர் பின்னால் லோரிகள் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. அறுநூற்றுப் பதினைந்து என்று இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"போதுமா அது?"

"போதும்ப்பா. பத்து கூடவே இருக்கு."

"இனிமே எழுத வேணாமா?"

"வேணாம்ப்பா."

"அப்ப சனிக்கிழம நீ வரமாட்ட," என்றார். விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு கட்டுரை பாக்கி இருக்கிறது, அதை லோரியில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்றேன். வரிசை நகர்கிறது என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.