வண்டிக்குக் கொடுத்த குடிதண்ணீர்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்த மருமகள் அந்த அலுமினியக் குடத்தை இறக்கிக் கூடத்தில் வைத்தாள். வயிற்றில் ஒரு பெரிய ஒடுக்கு. அடியில் ஆணியால் கீறிய மீன் படம். தண்ணீர் எடுக்கிற இடத்தில் குடம் மாறிவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஆளுக்கொரு அடையாளம் போட்டு வைப்பார்கள். "பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடட்டுமா மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏது இது என்று மகன் கேட்டான். "எண்ணூர் ரோட்டுல ஒரு தடவை வண்டி நின்னு போச்சு. அப்போ ஒரு அம்மா குடுத்தது" என்றேன். "அந்தக் காலத்து வண்டிங்க அப்படித்தானேப்பா" என்று சொல்லிவிட்டு அவன் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தெற்கேயிருந்து வந்த குடும்பம். தண்டையார்பேட்டையில் அப்பாவின் இரும்புச் சாமான் கடை. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். கப்பலேறிப் போன ஒரு துரையின் சின்னக் கறுப்புக் கார் கைமாறி எங்களிடம் வந்தது. எங்கள் தெருவிலேயே அதுதான் முதல் கார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு காரியமும் இல்லாமல் எண்ணூர் வரை ஓட்டிப்போய்த் திரும்புவேன். நான் கார் வைத்திருக்கிறேன் என்று கடலுக்குக்கூடக் காட்டியாக வேண்டும் எனக்கு. அவ்வளவு கொழுப்பு.

ஆனால் அந்தக் காருக்கு ஒரு வியாதி. ரேடியேட்டர் ஒழுகும். ஆறேழு மைல் போனால் கொதித்து, மூடியருகே ஆவி சீறும். பட்டறை மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "இத்த மாத்தணும்னா சீமையிலேர்ந்து தான் வரணும் சார். ஒரு பிடி மஞ்சத்தூள் போட்டு தண்ணி ஊத்து, ஓட்டைய அடச்சிக்கும். மூடிய தொறக்க சொல்லோ மட்டும் மூஞ்சிய தள்ளி வச்சிக்க" என்றார். மஞ்சள்தூள் பொட்டலம் இல்லாமல் நான் வண்டியை எடுத்ததே கிடையாது.

முதல்முறை கொதித்து நின்றது எர்ணாவூரைத் தாண்டி, ஒரு மீனவர் குப்பத்துக்கு எதிரே. வாளியை எடுத்துக்கொண்டு அங்கிருந்த கிணற்றுக்குப் போனேன். மீன் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், நாற்பது வயதிருக்கும், அங்கிருந்தே கத்தினார்: "அத்த ஊத்தாத நைனா! அது உப்பு. வண்டி வயிறு பூடும்!" பிறகு குடிசைக்குள் போய் இந்தக் குடத்தோடு வந்தார். நல்ல தண்ணீருக்கு அந்தக் குப்பத்துப் பெண்கள் திருவொற்றியூர்ப் பக்கம் இரண்டு மைல் நடந்து போய் வருகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் என் காருக்குக் கொடுத்தார். நான் மஞ்சள்தூளைக் கொட்டித் தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னா நைனா, மஞ்சத் தண்ணி ஊத்தற, வண்டி வயசுக்கு வந்துட்ச்சா?" குப்பமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு ஸ்டார்ட்டர் பிடிக்காததால் நாலு ஆட்கள் தள்ளினார்கள்; கிளட்சை விட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எண்ணூர் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் நிறுத்துவேன். மீன்காரம்மா குடத்தைக் கொண்டுவந்து தருவார், வண்டியைப் பற்றி ஒரு கிண்டல் அடிப்பார். சில நாள் அவர் தலைக்கூடையோடு தண்டையார்பேட்டைக்கு வெயிலில் நடந்துபோவதைப் பார்ப்பேன். ஹாரன் அடிப்பேன். ஒதுங்கி நின்று கையாட்டுவார். ஏறிக்கொள்ளுங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மீன் கவிச்சி போகாதே!

அந்த நாள் வந்தது. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எண்ணூரில் உப்பு வியாபாரம் செய்த ஒரு உறவினர் வீட்டில் இறங்கியிருந்தார்கள். அவர்களைக் காரில் அழைத்துவர வேண்டியது என் பொறுப்பு. தங்கைக்கு இரண்டு வரன் தட்டிப்போய், அம்மா சாப்பாடே இறங்காமல் இருந்த சமயம். முதல் நாள்தான் சீட்டுக்கு வெள்ளை உறை தைத்துப் போட்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி. வழக்கமான இடத்தில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, சூடு தணியட்டும் என்று நின்றேன்.

குப்பத்துக்குள்ளிருந்து மீன்காரம்மா ஓடி வந்தார். கையில் குடம் இல்லை. தலை அவிழ்ந்து கிடந்தது. "நைனா, சாமி மாரி வந்த! பொண்ணுக்கு நேத்திலேர்ந்து நோவு. புள்ள திரும்பிக்கினு கீதாம், மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. ராயபுரம் ஆஸ்பத்திரில வுட்டுடு, உன் கால்ல வுழுறேன்." அவருக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் வைத்து அந்தப் பெண்ணைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதுகூட இருக்காது. கட்டிலுக்கடியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அந்த ரத்தத்தைப் பார்த்தேன். அடுத்து, என் வெள்ளை உறையைப் பார்த்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது. ராயபுரம் போய்த் திரும்பினால் நேரமாகிவிடும், வருகிறவர்கள் அபசகுனம் என்பார்கள், தங்கை கல்யாணம் நின்றுபோகும் என்று காரணங்களெல்லாம் அதற்கப்புறம்தான் வந்து வரிசையில் நின்றன. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் எனக்கு வக்கில்லை. அவர் வீட்டுத் தண்ணீர் அத்தனை நாள் என் வண்டிக்குள் ஓடியிருக்கிறதே. பானெட் திறந்துதானே இருக்கிறது என்று தோன்றியது. "வண்டி ஓடாதும்மா. உள்ள என்னமோ போயிருச்சு" என்றேன்.

அதோடு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவரா போகிறவர்? "அய்ய, தள்ளினா ஓடும் நைனா, அன்னிக்கி ஓட்ச்சே! டேய், வாங்கடா, நைனா வண்டிய தள்ளுங்கடா!" என்றார். கட்டிலை மணலில் இறக்கிவிட்டு ஆறு பேர் வந்து காரின் பின்னால் நின்றார்கள். விடிகாலையில் கடலுக்குப் போய்த் திரும்பிய ஆட்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். சுவிட்சைப் போடவில்லை. இடது காலால் கிளட்சை அடிவரை மிதித்துக்கொண்டேன். "ஐலசா! ஐலசா!" என்று தள்ளினார்கள். கிளட்சை மிதித்திருந்தால் வண்டி உருளுமே தவிர இஞ்சின் அசையாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை தள்ளிப் பார்த்தார்கள். மூச்சு வாங்க நின்றுவிட்டு, மறுபடியும் தள்ளினார்கள். கண்ணாடியில் அந்தப் பெண்ணின் புருஷன் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினான். "இன்னொரு தபா, மாமு, இன்னொரே தபா" என்று மற்றவர்களைக் கெஞ்சினான். மூன்றாவது முறையும் தள்ளினார்கள். என் கால் கிளட்சிலேயே இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்! அந்தக் கணத்தில் காலை எடுத்துச் சுவிட்சைப் போட்டிருந்தால், வண்டி பிடித்துக்கொண்டது என்று எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். என் பொய்யும் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தப் பாவி எடுக்கவில்லை.

அரைமணி நேரம் போயிருக்கும். அவர்களுடைய நேரம் அது. கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு திருவொற்றியூரை நோக்கி ஓடினார்கள், அங்கே ஜட்கா கிடைக்கும் என்று. மீன்காரம்மாவும் கூடவே ஓடினார். ஓடியவர் சட்டென்று திரும்பிக் குடிசைக்குள் போய், இந்தக் குடத்தைத் தூக்கிவந்து என் முன் சக்கரத்தருகே வைத்தார். அவசரத்தில் ஒரு கல்லில் இடித்து ஒடுக்கு விழுந்தது. "வெயில்ல நிக்கிற, நீ கொஞ்சம் குடி. மீதிய வண்டிக்கி ஊத்து" என்றார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. கட்டிலைப் பிடிக்க ஓடிவிட்டார்.

அவர்கள் மறைகிறவரை காத்திருந்தேன். தண்ணீரை ஊற்றினேன். குடத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியாமல் அதையும் உள்ளே போட்டுக்கொண்டேன். ஸ்டார்ட்டரை இழுத்தேன். ஒரே இழுப்பில் வண்டி கிளம்பியது. எண்ணூரில் மாப்பிள்ளையின் சித்தப்பா சீட்டைத் தடவிப் பார்த்து, "வண்டியைப் புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே தம்பி" என்றார். சம்பந்தம் அன்றைக்கே நிச்சயமானது. தங்கை குறையில்லாமல் வாழ்ந்தாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் அந்த ரோட்டுப் பக்கமே நான் போகவில்லை. வண்டி சரியில்லை என்று வீட்டில் சொல்லிவைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து ராயபுரம் மார்க்கெட்டுக்கு வெளியே பின்னாலிருந்து ஒரு குரல்: "நைனா! எங்க ஆளையே காணோம்? வண்டி ரிப்பேரு ஆயிட்ச்சா?" முதலில் அவர் கேட்டது என் வண்டியைப் பற்றி. ஆயிற்று என்றேன். பெண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "பொண்ணு பொழச்சிக்கிச்சி. புள்ள தான் தங்கல. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா எடுத்திருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிச்சி." நான் என்ன முகத்தோடு நின்றேனோ, என் கையைத் தட்டி ஆறுதல் சொன்னார். "நீ இன்னாத்துக்கு கலங்கற? நீயா பண்ண? மிஷினு தான நைனா, அதும் மேல கோச்சிக்கினு இன்னா பண்றது." குடம் என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்று உளறினேன். "வச்சிக்க, வண்டிக்கி ஆவும்" என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அங்கேயே, அந்த நடைபாதையிலேயே, கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவர் காறித் துப்பியிருப்பார். துப்பட்டுமே! அதற்கும் துணிச்சல் வரவில்லை.

இப்போது மகனின் கார் வழியில் நின்றால் ஒரு போன் போதும். ஆள் வருகிறான், கட்டி இழுத்துப் போகிறான். முன்பின் தெரியாத யாரிடமும் தண்ணீர் கேட்டு நிற்க வேண்டியதில்லை. அந்தக் கறுப்புக் கார் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. மீன்காரம்மாவும் இப்போது இருக்க மாட்டார். குடம் மட்டும் கூடத்தில் இருக்கிறது. நேற்று அதைத் துலக்கித் தண்ணீர் பிடித்து வைத்தேன். அந்த ஒடுக்கோடும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மகன் போகிறபோக்கில் சொன்னதும் அந்த அம்மாள் சொன்னதும் ஒன்றுதான். இரண்டு பேரும் பழியை வண்டியின் மேல் போட்டார்கள். இரண்டு தடவையும் நான் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். இந்தத் தாள்களை மடித்து அந்தக் குடத்தின் மேலேயே வைக்கப்போகிறேன், சாயங்காலம் மகன் வந்ததும் படிக்கட்டும். அன்றைக்கு வண்டிக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருந்தது.