கால் எடுக்க வேண்டிய இடம்

தோட்டத்து கிளப்பில் இருந்த பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணிமேல் அண்ணி நான்கு தாள்களைப் பக்கம் பக்கமாக விரித்து, பறக்காமல் இருக்க முனைகளில் பந்துகளை ஏற்றி வைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. நான்கிலும் ஒரே இசை. நூறாண்டுகளுக்கும் முன் ஐரோப்பாவில் ஒருவர் எழுதிய சின்னப் பியானோ உருப்படி. ஒன்று அண்ணி எழுத இருந்த டிப்ளோமா தேர்வுக்கான புத்தகத்தின் பக்கம். மற்ற மூன்றும் பாரிஸிலும் ஜெர்மனியிலும் லண்டனிலும் அந்த இசை முதன்முதலாக அச்சானபோது வந்த பக்கங்களின் நகல்கள். ஈப்போ கான்வென்டில் அண்ணிக்குப் பியானோ கற்றுத்தந்த சிஸ்டர், விடுமுறைக்கு லண்டன் போனபோது ஒரு நூலகத்தில் எடுத்து வந்தவை.

எழுபதுகளின் கடைசி அது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஈப்போவிலிருந்து மலையேறி வந்தவர் அண்ணி. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. இசைக்குறிப்பில் ஓர் எழுத்தும் தெரியாது. கிளப்பில் வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப்போன பழைய பியானோ ஒன்று கிடந்தது. அப்போது மேனேஜராக இருந்த துரை நம் நாட்டவர், அதைத் தொடாதவர். அண்ணன் கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார். முந்தைய முறை தேர்வில் தவறியிருந்த அண்ணி, பள்ளி விட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போவார்.

பியானோவின் வலது மிதியை அழுத்தினால் சுரங்கள் அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். மிதிக்கும் இடத்தில் ‘பெட்’ என்று அச்சிட்டிருப்பார்கள்; காலை எடுக்கும் இடத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். தேர்வுப் புத்தகத்தில் ஓர் இடம் முழுக்க அந்த நட்சத்திரங்கள் மழை பெய்தது போல் கிடந்தன. பாரிஸ் தாளில் அதே இடத்தில் ஒரே மிதி, வெகுதூரம் கழித்து ஒரே நட்சத்திரம். ஜெர்மன் தாளும் அப்படியே. லண்டன் தாளில் மட்டும் நட்சத்திரம் முன்பே வந்திருந்தது.

“மூணுல எதத்தான் நம்புறது?” என்று அண்ணி தலையில் கைவைத்தார்.

நான் பார்த்தது வேறு. கரும்பலகையில் எழுதுகிறவளுக்கு ஓரம்தான் முதலில் கண்ணில் படும். “அண்ணி, லண்டன்ல அந்த எடத்தோட வரி முடிஞ்சிருச்சு பாருங்க. அச்சுக்காரன் அடுத்த வரிக்குக் கொண்டுபோக மறந்து இங்கயே முடிச்சிருப்பான்.”

அண்ணி குனிந்து பார்த்தார். பிறகு பியானோவுக்கு ஓடினார். முதலில் புத்தகத்தில் இருந்தபடி வாசித்தார், சுத்தமாக இருந்தது. அடுத்து காலை எடுக்காமல் வாசித்தார். இடது கை தொட்ட அடிச்சுரம் கீழே நின்றுகொண்டே இருக்க, மேலே ஒவ்வொரு சுரமும் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. குழம்பும் என்று நினைத்தேன், குழம்பவில்லை. பழைய பியானோவின் ஒலி சீக்கிரமே மெலிந்துவிடுவதால் ஒன்றையொன்று அமுக்கவில்லை. அண்ணி சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்ப வாசித்தார்.

அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “புத்தகத்துல உள்ளத வாசிச்சு பாஸ் பண்ணுலா. பிரிஞ்சாங் டவுன்ல பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த சர்ட்டிபிகேட்தானே வேணும்” என்றார். தாள்களைக் கொண்டுவந்த சிஸ்டரே, தேர்வு அறையில் இருக்கும் புதுப் பியானோவில் ஒலி நீளும், அப்படி மிதித்தால் குழம்பி மார்க் போய்விடும் என்று பயந்தார். தேர்வு நாளில் தாப்பா மலைவளைவுகளில் பஸ் இறங்கிய நேரமெல்லாம் அண்ணி எப்படி வாசிக்கப் போகிறார் என்று எனக்குச் சொல்லவேயில்லை.

அந்த முறை அண்ணி தேறினார். பிரிஞ்சாங்கில் வெகுகாலம் பியானோ சொல்லிக்கொடுத்தார். இப்போது வரும் நல்ல பதிப்புகளில் நட்சத்திரம் பாரிஸ் தாளில் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று போனில் அடிக்கடி சொல்வார். ஆனால் சர்ட்டிபிகேட் கைக்கு வந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. நினைவிருப்பது தேர்வு அறைக்கு வெளியே நான் நின்ற தாழ்வாரம்.

கதவு சாத்தியிருந்தது. அந்த இடம் வந்தது. அடிச்சுரம் விழுந்தது, நின்றது. அண்ணி காலை எடுக்கவில்லை. விசைகளை மட்டும் மெல்லத் தொட்டு வாசித்தார். வாசித்து முடித்ததும் உள்ளே பேச்சுக் குரல். கதவு திறக்கவில்லை. மறுபடி அதே இடம், புத்தகத்தில் உள்ளபடி. உடனே இன்னொரு முறை, நீளமாக. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். அடுத்துக் கேட்டது அண்ணியின் வாசிப்பு அல்ல. விரல்கள் கனமாக, தயங்கித் தயங்கி விழுந்தன.

வெளியே வந்த அண்ணியின் முகம் சிவந்திருந்தது.

“பாஸா அண்ணி?”

“அது தெரியாதும்மா. பரீட்சைக்கு வந்த வெள்ளக்காரரு என்னை எந்திரிக்கச் சொல்லிட்டு அவரே உக்காந்து வாசிச்சாரு.” என் கையை இறுக்கிப் பிடித்தார். “அவரும் கால எடுக்கல.”