இரண்டாம் கப்பலில் ஜாய்ஸ்டிக்

நேற்று அண்ணன் மகள் சோபாவில் படுத்தபடியே டிவியில் ஒரு கேமை இறக்கிக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, நாப்பது பெர்சென்ட் ஆயிடுச்சு" என்றாள். உலகம் முழுக்க அன்றுதான் வெளியாகிறதாம், நம் போர்ட் பிளேரிலும் அன்றைக்கே. எனக்கு வயிறு எரிந்தது. நாங்களெல்லாம் ஹேடோ துறைமுகத்துக்கே போய் கேமை அழைத்துவந்த ஆட்கள்.

அப்போது அபர்டீன் பஜாரில் ஒரு டிவி கடையில் சேல்ஸ்மேன் நான். முதலாளி திருநெல்வேலி அண்ணாச்சி. மெயின்லேண்டில் புது வீடியோகேம் பெட்டி வந்து சக்கைப்போடு போடுகிறது, நாமும் பன்னிரண்டு வரவழைப்போம் என்று அவர் உயிரை எடுத்தேன்.

"விக்கலைன்னு வையி, அடுத்த கப்பல்ல நீ ஊரு போய்ச் சேருல" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. எனக்கோ இந்தத் தீவைவிட்டுப் போக மனமே கிடையாது.

இங்கே கடைக்காரர்கள் சரக்கை ஒரே கப்பலில் ஏற்றமாட்டார்கள். கடல் கெட்டாலும் பாதியாவது வந்து சேரட்டும் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நானும் பிரித்தேன். ஆறும் ஆறுமாக என்றால் சாதாரண மூளை. நான் பெட்டியும் டிஸ்க்கும் முதல் கப்பலில், தனிப் பார்சலாக வந்த ஜாய்ஸ்டிக் அத்தனையும் அடுத்த கப்பலில் என்று சென்னைக்கு போன் போட்டுச் சொன்னேன்.

முதல் கப்பல் வந்தது. இரண்டாவது புயலுக்குப் பயந்து சென்னையிலேயே நின்றுவிட்டது. நான் அதற்குள் 'வந்துவிட்டது' என்று பேனர் கட்டியிருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கப்பல் டிக்கெட்டைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

வேறு வழியில்லாமல் ஒரு பெட்டியை வாசல் டிவியில் மாட்டினேன். யாரும் எதையும் அமுக்காவிட்டால் கார் பந்தயம் தன்பாட்டுக்கு ஓடிக் காட்டும். அதைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பெங்காலி மீன்காரர் தினமும் கூடையை இறக்கிவைத்துவிட்டு நீலக் கார் கட்சியில் நிற்பார். ஒரே ஓட்டம்தான் திரும்பத் திரும்ப வரும், எப்போதும் சிவப்புதான் ஜெயிக்கும். "கல் ஜீதேகா, நாளைக்கு ஜெயிக்கும் பாரு" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

பதினேழாம் நாள் ஜாய்ஸ்டிக் வந்தது. ஒரே வாரத்தில் வாசலில் ஓடியதையும் சேர்த்துப் பன்னிரண்டும் போயின. வேலை தப்பியது. மறுநாள் காலை கடைவாசலில் ஒரு ஈ காக்கை இல்லை.

அண்ணாச்சி வெளியே எட்டிப் பார்த்தார். "ஏல, பொட்டிய விக்கச் சொன்னா ஆளுங்களையும் சேத்து வித்துட்டியேல."

இரண்டு வருஷத்தில் அடுத்த மாடல் வந்து அந்தப் பெட்டியின் கதை முடிந்தது. கடையில் இப்போது மொபைல் கவர் தொங்குகிறது. அப்புறம் எத்தனையோ கேம் வந்தாயிற்று, எல்லாரும் அவரவர் வீட்டில்தான் விளையாடுகிறார்கள். அன்றைக்குப் பிழைத்தேன் என்று சிரித்தேன். அந்தக் கூட்டத்தைக் கலைத்தவன் நான்தான் என்று நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.