கலைச்செல்வி சொன்ன ‘சரிங்க’

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகப் பெருந்துறை வந்த நான், சத்தியமங்கலத்துக் கலைச்செல்வியுடன் வீடெடுத்துத் தங்கியிருக்கிறேன். போன மழைக்காலத்தில் கரண்ட் பில் இரண்டு மடங்காக வந்தது.

"உன் கரண்ட் அடுப்புதான் காரணம். கூட வந்ததை நீயே கட்டிரு" என்றேன்.

"சரிங்க அக்கா" என்று கட்டிவிட்டாள். தவறை ஒப்புக்கொண்டாள் என்றே நினைத்தேன். அதன்பின் அவள் அந்த அடுப்பைத் தொடவேயில்லை. ஆனாலும் அடுத்த பில் குறையவில்லை.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் என் அறை கீசரைக் காட்டினார். "இதுல இருக்கற லைட் அணைஞ்சாலும், தண்ணி ஆற ஆற இது மறுபடி மறுபடி ஓடுமுங்க அம்மணி. சுவிட்சை அணைக்கோணுமுங்க."

மழைக்குளிருக்காக அதைப் போடத் தொடங்கியதிலிருந்து நான் ஒருநாளும் அணைத்ததில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "அப்பவே மறுத்திருக்கலாமே?" என்றேன்.

"நீங்க கோபமா சொல்றப்ப எப்படீங்க எதுத்துப் பேசறது?" என்றாள்.

இப்போது பில் வந்தால் முதலில் என் அறையைத்தான் பார்க்கிறேன். அவள் உடனே "சரிங்க" என்றால், இன்னொரு முறை கேட்கிறேன்.