ஷிப்ட் பஸ்ஸும் தடைக்காலப் பட்டியலும்

காலை ஆறேகாலுக்கு எண்ணூர் நெடுஞ்சாலை டீக்கடையில் குணசுந்தரி இரண்டாவது டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார். கண் டீயில் இல்லை. மணலிக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற கம்பெனி பஸ்களில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்க்கிறார். "கடலுக்குப் போறவன் கய்த்துல ஐடி கார்டு இன்னாத்துக்கு நைனா?" என்று அவர் கேட்டதும், ஒருவர் கார்டைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு பஸ்ஸின் மறுபக்கம் நழுவுகிறார்.

முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தின் மீனவர் சங்கச் செயலாளர் குணசுந்தரி. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் இரண்டு மாதம் சும்மா கிடக்கும். வேலையில்லாத அந்த நாட்களுக்கு அரசு நிவாரணம் உண்டு. வேறு இடத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்குக் கிடையாது. போன வருடம் பட்டியலில் ஏழு கம்பெனிக்காரர்கள் நுழைந்துவிட, மொத்தக் குப்பத்துக்கும் பணம் தீபாவளி வரை நின்றுபோனது. "ஏயு பேரு பண்ண பேஜாருல எரநூறு வூட்ல அடுப்பு எரியல" என்று இன்னும் பொருமுகிறார்.

மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே சண்டை போடக்கூடியவர். ஆதாரில் முகவரி மாறியிருக்கிறது என்று குப்பத்து மீனவர் மாரியப்பன் பெயரை அதிகாரி அடித்தபோது, மாரியப்பனை ஆபீசுக்கே இழுத்துப்போனார். "இந்தக் கைய பாரு சார், இது கம்ப்யூட்டர் தட்ற கையா?" அதிகாரி சிரித்துக்கொண்டே சேர்த்துவிட்டார்.

இந்த வருடம் குணசுந்தரி புது விதி போட்டார். பட்டியலை ஊர் நடுவே மைக்கில் படிக்க வேண்டும். கூட்டத்தில் யாரும் ஆட்சேபம் சொல்லலாம். படிக்கிறவர் மட்டும் சொல்லக் கூடாது. மைக் வைத்திருப்பவர் சொன்னால் அது தீர்ப்பாகிவிடும் என்பது அவர் கட்சி.

ஞாயிறு சாயங்காலம் அவரே படித்தார். சிரிப்பும் கூச்சலுமாக நாலு பெயர் பட்டியலிலிருந்து போனது. ஒருவரைப் பெண்டாட்டியே காட்டிக்கொடுத்தார்: "ஐய, அது போன மாசமே பர்மனென்ட் ஆய்ட்ச்சி!"

அடுத்து வெற்றியின் பெயர். குணசுந்தரியின் ஒரே தம்பி; தாயில்லாத பிள்ளையை அவர்தான் தூக்கி வளர்த்தார். மூன்று மாதமாக மணலி பஸ்ஸில் போகிறான், அக்கா கண்ணில் படாமல் அடுத்த ஸ்டாப்பில் ஏறி. அது ஊருக்கே தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவர் முகத்துக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயரை மறுபடி படித்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கப் போயிருந்த எனக்கே சங்கடமாக இருந்தது.

குணசுந்தரி மைக்கைப் பக்கத்தில் நின்ற பொருளாளர் மலரிடம் கொடுத்தார். மேடையிலிருந்து இறங்கினார். கூட்டத்துக்குள் போய், தம்பியின் பக்கத்திலேயே நின்று, கையைத் தூக்கினார்.