அக்கா அறுத்துச் சேர்த்த மூலைகள்

அக்கா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் சொந்தங்கள் பலருக்கும் அக்காவைத் தெரியும். அவர் செய்த வேலையைப் பற்றிச் சிலருக்குத்தான் தெரியும். எனவே அதையே எழுதுகிறேன்.

முகையூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கூலிக்குக் களையெடுத்தும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கியும் வாழ்ந்த எங்கள் பெற்றோருக்கு அக்கா மூத்த பிள்ளை. அம்மாவுக்கு முடியாமல் போனதும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அவரும் அதே வேலைக்குப் போனார். நான் தொடர்ந்து படிக்க முடிந்தது அதனால்தான்.

திண்டிவனத்தில் மரவேலை செய்துவந்த மாமாவுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் மாமா கார்னிஸ் வேலையில் இறங்கினார். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அறையைச் சுற்றி ஓடும் அலங்காரச் சட்டம்தான் கார்னிஸ். அது சாய்வாக உட்காருவதால், மூலையில் இரண்டு சட்டங்கள் சேர வேண்டுமானால் அறுக்கும் மெஷினின் பிளேடைத் திருப்பவும் வேண்டும், சாய்க்கவும் வேண்டும். அதற்கென்று மாமா மைட்டர் மெஷின் வாங்கினார். அவர் அறுக்கும்போது சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது அக்கா.

ஒலக்கூர் பக்கம் புதிய கல்யாண மண்டபம் ஒன்றில் வேலை நடந்தபோது மாமாவின் வலது கை பிளேடில் மாட்டியது. இரண்டு விரல்கள் போயின. மண்டபத்தின் முதல் கல்யாணத்துக்கு அதற்குள் பத்திரிகை அடித்துவிட்டார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு மெஷினோடு வீடு திரும்பிய மாமா, வேலையை விட்டுவிடலாம் என்றார்.

"நான் அறுக்குறேங்க" என்றார் அக்கா.

மாமா எழுந்துபோய் மெஷின் பிளக்கைப் பிடுங்கினார். "என் கை போனது பத்தாதா? உனக்கும் போச்சுன்னா இந்த வூட்டுக்கு யாரு?"

"பயமில்லன்னு சொல்லல. பயந்துக்கினேதான் அறுப்பேன். நீங்க பக்கத்துல உக்காந்துக்கினு சொல்லுங்க."

மறுநாள் காலையில் அவரே வண்டி பிடித்து மெஷினை மண்டபத்துக்கு ஏற்றிவிட்டார். சட்டங்களை மாட்ட விழுப்புரத்திலிருந்து நான் போனேன்.

முதல் மூலையே சேரவில்லை. தரையில் வைத்துப் பார்த்தபோது அழகாக இருந்தது. சாரத்தில் ஏறிப் பிடித்தால் மேலே ஒட்டியது, கீழே வாயைப் பிளந்தது.

"இன்னாடா, சேருதா?"

"இல்லக்கா. கீழ வெரலே நொழையும் போல இருக்குது."

மறுபடி அறுத்தார். இம்முறை மேலே பிளந்தது. அடுத்த சட்டத்தைத் தலைகீழாக வைத்து அறுத்துவிட்டதால் நல்ல தேக்கு ஒன்று வீணானது. அக்கா மரத்தூளில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

"அழுதுக்கினே மெஷினாண்ட போவாத. மொதல்ல சாப்புடு" என்றார் மாமா.

சாப்பிட்ட பின் மூவரும் ஓர் அட்டையை மடித்து மூலையில் வைத்துப் பார்த்தோம். சுவர்ப் பூச்சு தடித்து, மூலையே செங்கோணமாக இல்லை. மெஷினில் போட்டிருந்த டிகிரியை மட்டும் நம்பி அறுத்தது பிசகு. அதன் பிறகு அக்கா ஒவ்வொரு மூலைக்கும் முதலில் கழிவுத் துண்டில் அறுத்துக் கொடுப்பார். நான் மேலே பிடித்துப் பார்த்து எந்தப் பக்கம் பிளக்கிறது என்று சொல்வேன். பிளேடை ஒரு மயிரிழை திருத்தி, துண்டுகள் சேர்ந்த பிறகே நீளச் சட்டத்தைத் தொடுவார். தலைகீழாகிவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் 'மேல்' என்று எழுதினார். பிளேடு சுற்றும்போது யாரும் பேசக் கூடாது. அது நிற்காமல் துண்டை எடுக்கக் கூடாது. மாமா மறந்துபோய் வாயைத் திறந்தால் அவருக்கும் திட்டு விழும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையல்காரர்கள் அண்டாக்களை இறக்கிக்கொண்டிருக்க, நாங்கள் சாரத்தைப் பிரித்தோம். சாப்பாட்டுக்கூட வாசலுக்கு மேலே ஒரு மூலையில் மட்டும் மிச்சமிருந்த இடைவெளியைப் பெயின்டர் பட்டி வைத்து மூடினார். பிறகு அங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அக்காவின் கண் அந்த மூலைக்குத்தான் போகும்.

"யாருக்கும் தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியுதேடா."

அதன்பின் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எத்தனையோ வீடுகளுக்கு அக்கா அறுத்துக் கொடுத்தார். வேலை நேரத்தில் வளையல் போட மாட்டார். சுமங்கலி வெறுங்கையோடு இருக்கலாமா என்று சித்தி கடிந்துகொண்டபோது, "வளையல் பிளேடுல மாட்டிக்கினா கையே போயிடும் சித்தி. சாயங்காலம் வாங்க, போட்டுக்கினு இருப்பேன்" என்றார். சித்தி சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

சிறுநீரகக் கோளாறு அவரை மெல்ல மெல்ல ஒடுக்கியது. டயாலிசிஸ் முடிந்து வந்த நாளிலும் மாமாவின் மரப்பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நிற்க முடியாமல் போன பிறகு அங்கே வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு விடியற்காலை, மகள் பக்கத்தில் இருக்கும்போது அமைதியாகக் காலமானார்.

மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருந்த அக்கா மகளுக்கும் குடும்பத்தார் நன்றி சொல்கிறோம்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். 'கணவரின் தொழிலுக்கு ஒத்தாசையாக இருந்தார்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒத்தாசை நான்தான் பண்ணேன். அவ மேஸ்திரி. அப்படியே போடு."

அந்த வரியை எடுத்துவிட்டேன். எங்கள் மேஸ்திரியை அன்று வழியனுப்ப வந்த உங்கள் எல்லோருக்கும் மாமாவின் சார்பில் வணக்கம்.