துரைச்சாமியின் சீழ்க்கை

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். ரங்கூன் தாமுவே பேட்டையில் வீடு, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது பிழைப்பு. நாளெல்லாம் கதை விடுகிறவனுக்குக் கதையில் நம்பிக்கை எங்கே வரும்?

போன குளிர்காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பரம்பரையாய் நிலமும் மாளிகையுமாக வாழ்ந்த குடும்பம், இவரோடு வம்சம் முடிகிறது. முன்னோர் எல்லோர் பெயரும் அவர்கள் ஊர் சர்ச் சுவரில் இருக்கிறதாம், தாத்தாவின் தம்பி பெயரைத் தவிர. ரங்கூன் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவர் தமிழ்க் கூலிப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரிந்துகொண்டு, தான் கண்மூடுவதற்குள் அந்தப் பெயரையும் சுவரில் பொறித்துவிட வேண்டும் என்று இந்த வயதில் கடல் தாண்டி வந்திருந்தார். அந்தப் பிடிவாதத்துக்கே நான் அவரைக் கும்பிடுவேன்.

கல்லறைகளெல்லாம் அலைந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் விமானம். மனசு கேட்காமல் க்யிம்யிண்டைங் படகுத்துறை ஓரம் இருக்கிற துரைச்சாமி கல்லுக்குக் கூட்டிப்போனேன். துரைச்சாமி என்பது, காலராவில் மற்ற துரைகள் ஓடிப்போக, கூலிகள் குடியிருந்த லைனிலேயே தங்கி நம் ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றி, அதே நோயில் செத்த வெள்ளைக்காரர். பெயர் யாருக்கும் தெரியாது. எப்பேர்ப்பட்ட மனிதர், பாருங்கள்.

பட்டப்பகல். பூசாரி முத்தையா வழக்கம்போல் சுருட்டைப் பற்றவைத்துப் படைத்தார், பிறகு சாமியைக் கூப்பிடச் சீழ்க்கை அடித்தார், இரண்டு சுரம். துரை தன் நாயை அப்படித்தான் கூப்பிடுவாராம், நம் ஆட்கள் அதையே மந்திரமாக்கிக்கொண்டார்கள்.

அம்மையார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது அவர்கள் வீட்டுச் சீழ்க்கையாம், அவர் அப்பாவும் அதே மாதிரிதான் நாயைக் கூப்பிடுவாராம். ஆனால் முடிவில் மூன்றாவதாக ஒரு சுரம் மேலே ஏறும், அதைக் கேட்டால்தான் நாய் ஓடிவரும், அது எங்கே என்றார். நான் முத்தையாவிடம் கேட்டேன்.

“அப்பாரு காலத்துலேருந்து ரெண்டுதான் தம்பி. மூணாவது எங்களுக்குத் தெரியாது.”

நம்பினால் நம்புங்கள், அவர் வாய் மூடுவதற்குள் கல்லுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது கேட்டது. பின்னால் ஆள் நிற்க இடமில்லை, ஆற்றுச் சேறுதான். அம்மையாரின் உதடு மூடியிருந்தது, நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பின்னுக்கு நகர்ந்துவிட்டேன். அவரோ பயப்படவே இல்லை. அழுதுகொண்டே கல்லைத் தடவி, வாருங்கள், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

இப்போது அந்தப் பெயர் சர்ச் சுவரில் இருக்கிறது, படம் அனுப்பியிருந்தார்.

அன்று நடந்ததைப் போனில் பதிவு செய்திருந்தேன். எத்தனையோ முறை போட்டுக் கேட்டாயிற்று. இரண்டு சுரம் இருக்கிறது, முத்தையாவின் குரல் இருக்கிறது, அதற்குப்பின் வெறும் படகு மோட்டார் சத்தம்தான். ஆனால் பதிவில் அந்த மூன்றாவது சுரம் இருக்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் என் வீட்டு நாய் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறது.